ரகுபதியின் வலது கை

திரை மறுபடியும் ஒன்பது என்றது.

ரகுபதி கையிலிருந்த பட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினான். ஐந்து நிமிடம் காத்திருந்தான். ஒன்பது புள்ளி இரண்டு.

அடையாறு ஆய்வுக்கூடத்தில் அவன் வேலை இதுதான். முன்கையில் பட்டையைக் கட்டி, காற்றடைத்து, ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பிறகு தளர்த்த வேண்டும். ரத்தம் திரும்பப் பாயும்போது மேல்கையின் ரத்தக்குழாய் எத்தனை சதவீதம் விரிகிறது என்று ஸ்கேனில் அளக்க வேண்டும். நன்றாக விரிந்தால் குழாய் நலமாக இருக்கிறது.

நான்கு வருடமாகப் பார்க்கிறான். இன்னும் பழகவில்லை. பென்சில்கூட அந்தக் குழாயைவிடப் பருமன். மூளையிடம் அது எதையும் கேட்பதில்லை. ரத்தம் வருவதைச் சுவரே உணர்கிறது. சாப்பாட்டில் வந்த ஓர் அமினோ அமிலத்திலிருந்து துளி வாயுவைச் செய்துகொள்கிறது. அந்த வாயு சில நொடிகள்தான் இருக்கும். அதற்குள் சுவர் இளகி வழிவிட்டுவிடுகிறது. ஆள் அழுதுகொண்டிருந்தாலும் வழிவிடும்.

ஆர்ஜினின் என்ற அந்த அமினோ அமிலத்தைப் பற்றித்தான் ஆய்வு. முப்பது பேர். பன்னிரண்டு வாரம், தினம் ஒரு பாக்கெட் பவுடர். பாதிப் பேருக்கு நிஜம், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்ற பட்டியல் டாக்டர் ஜுவேரியாவின் பீரோவில் முத்திரை வைத்த உறையில் இருந்தது. ஆரம்ப அளவுகள் எடுத்தாகிவிட்டது. இன்றிலிருந்து கடைசி அளவுகள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரகுபதி முதலில் தன் வலது கையை அளப்பான். அதே ஆள், அதே கை, அதே எண் வந்தால் மெஷின் சரி. முதல் வாரம் நாலரை வந்தது. பிறகு ஐந்து, ஆறு, ஏழரை. தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டான். கொஞ்ச காலமாக எல்லாவற்றையும் அப்படித்தான் விடுகிறான்.

ஒன்பதை விட முடியாது. முப்பத்து மூன்று வயதுக் கை தானாக இரண்டு மடங்கு தேறாது. அப்படியென்றால் மெஷின் பொய் சொல்கிறது. மெஷின் பொய் என்றால் ஆரம்ப அளவுகள் குப்பை, ஆய்வு குப்பை, டாக்டர் ஜுவேரியாவின் நான்கு வருடம் குப்பை.

அசோக் நகரிலிருந்து மெக்கானிக் லாரன்ஸை வரவழைத்தான்.

"இன்னா நைனா, காலங்காத்தால?"

"மெஷின் கூட்டிக் காட்டுது."

லாரன்ஸ் பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். மூடினார். தன் கையிலேயே பட்டையைக் கட்டச் சொன்னார். ஐந்து நிமிடம் முடிந்து காற்று இறங்கியது. திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மெல்ல விலகின.

"இது யாரு?"

"நீங்கதான்."

"நான் ஒண்ணியும் பண்லியே."

"நீங்க பண்ண வேண்டாம். அதுவே பண்ணிக்கும்."

லாரன்ஸ் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "இருவது வருசமா மெஷின் பிரிச்சிக்கினு கீறேன். இந்த மாரி ஐட்டம் பார்த்ததில்ல. எனக்கு எவ்ளோ?"

"அஞ்சு."

"அப்போ மெஷின் சோக்கா கீது. உன் கைதான் ரிப்பேரு."

இருந்தாலும் வந்ததற்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று, கையில் வைத்து அளக்கும் பாகத்தை மாற்றினார். ரகுபதிக்கு ஒன்பது புள்ளி ஆறு வந்தது. பழையதையே திரும்ப மாட்டும்போது அதன் இணைப்பு ஊசி ஒன்று வளைந்துவிட்டது.

"இப்போ நெஜமாவே ரிப்பேரு," என்றார் லாரன்ஸ்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஜுவேரியா உள்ளே வந்தார். வளைந்த ஊசியைப் பார்த்தார். பன்னிரண்டு வாரத்து எண்களைப் பார்த்தார். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலை ரகுபதி?"

ரகுபதி வளைந்த ஊசியை விரலால் நிமிர்த்தப் பார்த்தான்.

"நீங்க எதையாவது மாத்தினீங்களா? நடை, உடற்பயிற்சி?"

"இல்ல மேடம்."

"சாப்பாடு?"

"அதே இட்லி. அதே காபி. திங்கட்கிழமை அளக்க வெறும் வயிறா இருக்கணும்னு காபி சாயங்காலம். காபி மட்டும் கொஞ்சம் கசப்பாம். சிக்கரி மாத்தியிருக்கேன்னு என் மாமனார் சொன்னார்."

"கசப்பாம்னா? குடிக்கிறது நீங்கதானே?"

"எனக்கு ருசி தெரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்."

டாக்டர் ஜுவேரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரகுபதியின் மனைவி சாருலதா இறந்தது இரண்டு வருடம் முன்பு. இருபத்தொன்பது வயது. மூளையில் ஒரு குழாய் வெடித்தது. அதன் பிறகு அபிராமபுரம் வீட்டில் அவனும் அவள் அப்பா சுவாமிநாதனும் மட்டும். யாருக்கு யார் துணை என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அந்த சுவாமிநாதன்தான் ஆய்வின் முப்பதாவது ஆள். வேறு ஆள் கிடைக்காமல், அனுமதி வாங்கிச் சேர்த்தார்கள். சேரும்போதே அவர் கேட்டார்: "அறுபத்தெட்டு வயசுக்கு இது எதுக்கு ரகு? சின்னவாளுக்குக் குடுக்கப்படாதோ?"

"அவரைக் கூப்பிடுங்க," என்றார் டாக்டர் ஜுவேரியா. "கடைசி அளவு அவர்லேர்ந்தே ஆரம்பிப்போம்." பீரோவைத் திறந்து, அவர் எண்ணை மட்டும் பார்க்க உறையைக் கிழித்தார்.

லாரன்ஸ் புதிய பாகத்தையே மறுபடி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சுவாமிநாதன் ஆட்டோவில் வந்து படுத்தார். திரையில் தன் குழாயைப் பார்த்தார்.

"இது எனக்குள்ளேயா ஓடிண்டிருக்கு?"

"ஆமாம் மாமா."

"அறுபத்தெட்டு வருஷமாவா? நான் ஒரு நாள்கூட விசாரிச்சதில்லையே."

ஆரம்பத்தில் மூன்று. இப்போதும் மூன்று. பட்டியலில் முப்பதாம் எண்ணுக்கு எதிரே 'நிஜம்' என்று இருந்தது.

"பவுடரை ஒழுங்கா எடுத்துக்கலையா சார்?" என்று கேட்டார் டாக்டர் ஜுவேரியா.

"ஒரு பாக்கெட் வீணாகலைம்மா. அது போகட்டும், ரகுவோடது எவ்வளவு?"

"ஒன்பது. மெஷின் கோளாறு."

"ஒன்பதுன்னா நல்லதுதானே?"

"நிஜமா இருந்தா ரொம்ப நல்லது."

சுவாமிநாதன் எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அறையில் அவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்ல மெஷின். இதைப் போய்க் கோளாறுங்கறேளே," என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார்.

டாக்டர் ஜுவேரியா நாற்காலியில் உட்கார்ந்தார். "நிஜப் பவுடர் சாப்பிட்டவருக்கு ஏறலை. ஒண்ணுமே சாப்பிடாத உங்களுக்கு ஏறியிருக்கு. இந்த மெஷினை நம்பி நான் என்னத்தை எழுதுவேன்?"

"மேடம்."

"ஒரே ஒரு வழிதான் இருக்கு. வயசானவர், மறந்திருக்கலாம். வீட்டுக்குப் போய் பாக்கெட்டைப் பாருங்க. பிரிக்காம இருந்தா, ஆய்வை நிறுத்தாம இன்னொரு மெஷின்ல பார்க்கலாம். எல்லாம் காலின்னா, இன்னைக்கே மூடிடறேன்னு அனுமதி குடுத்த கமிட்டிக்கு எழுதிடறேன்."

ரகுபதி வண்டியை வேகமாக ஓட்டினான். அபிராமபுரம் வரும்வரை ஒரே நினைப்பு. பிரிக்காமல் இருக்கவேண்டும். வெகு நாளைக்குப் பிறகு அவன் ஒன்றை வேண்டிக்கொண்டான்.

சமையலறையில், வீட்டுவேலை செய்யும் பொன்மணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பொன்மணிக்கா, மாமாவோட பவுடர் பாக்கெட் எங்க?"

"மேல் செல்ஃபுல, காபித்தூள் டப்பா பின்னால கீது தம்பி."

எடுத்தான். ஏழு ஏழாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. பன்னிரண்டு கட்டு. பிரித்து எண்ணினான். எண்பத்து நான்கு. எல்லாம் காலி. ஓரம் கத்திரிக்கோலால் ஒழுங்காக வெட்டியிருந்தது. உள்ளே ஒரு பொடி ஒட்டியிருக்கவில்லை.

போனை மேடையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"எண்பத்து நாலும் காலி மேடம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரி ரகுபதி. மெயிலை அனுப்பிடறேன்."

பொன்மணி குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காலியா இல்லாம இன்னா தம்பி? ஒரு நாள் தப்பாம பெரியவரு மொத்தத்தியும் உன் காபிலதானே கொட்டி ஆத்திக்கினு இருந்தாரு."