நாலு வயரையும் கழற்றியவர்

பானெட்டைத் திறக்காமலே, சாவி திருப்பும் சத்தத்தை வைத்தே கார் ஏன் கிளம்பவில்லை என்று சொல்லிவிடும் மனிதர் ஒருவர் இருக்கிறாராம். சொன்னவர் பார்த்ததில்லை, அவருடைய சகலை பார்த்தாராம். அந்தக் கார் கடைசியில் கிளம்பியதா என்பது மட்டும் சகலைக்கு ஞாபகம் இல்லையாம்.

காதாலேயே கார் பார்க்கும் இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. இந்தக் குடும்பத்தில் அவர் சித்தப்பா.

அன்று அண்ணன் மகளுக்கு வேலைக்கான நேர்காணல். இஸ்திரி மடிப்பு கலையாமல், ஃபைலும் கையுமாக நிற்கிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அவருடைய பழைய கார் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துவிட்டது.

“டாக்ஸிக்குச் சொல்லிட்டேன் சித்தப்பா.”

“வேண்டாம்னு சொல்லும்மா. இது ஸ்பார்க் பிரச்சனை. அஞ்சே நிமிஷம்.”

“தம்பி, மெக்கானிக்கைக் கூப்பிட்டா...” என்று அண்ணி இழுத்தார்.

“வீட்டுல என்னை வெச்சுக்கிட்டு வெளியாள் எதுக்கு அண்ணி?”

டாக்ஸி ரத்தானது. சித்தப்பா உபதேசத்தை ஆரம்பித்தார். இக்னிஷனில் பாயும் மின்சாரம் ஆளையே தூக்கி எறியும். முதலில் சாவியை எடுக்க வேண்டும், பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத்தான் கழற்றித் துடைத்து அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும் என்று திறந்த பானெட்டைத் தட்டித் தட்டிச் சொன்னார். அத்தனையும் சரி. ஆனால் அதெல்லாம் மற்றவர்களுக்கு. நிபுணருக்கு ஏது விதி?

“இப்ப சாவியத் திருப்பும்மா,” என்று சொல்லிவிட்டு, ஒரு பிளக் வயரின் நுனியை உருவி வெறுங்கையால் பிடித்தார். மறுகணம் ரோஜாத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

“ஷாக் அடிச்சுதா சித்தப்பா?”

“சேச்சே. செக் பண்ணேன். கரண்ட் ஜோரா வருது.”

“அப்ப ஸ்பார்க்கு நல்லாத்தானே இருக்கு தம்பி?”

எஞ்சினின் முனகலைக்கூடப் பிரித்துக் கேட்கும் காதில் அண்ணியின் கேள்வி மட்டும் விழவில்லை. துடைப்பதற்காக நாலு வயரையும் ஒரே மூச்சில் உருவி எடுத்துத் துணியில் பரப்பினார். பளபளவென்று துடைத்தார். அப்புறம் பார்த்தார். நாலும் ஒரே கறுப்பு, ஒரே பருமன், ஒரே முகம். எது எங்கே இருந்தது? முகத்தில் மட்டும் புன்னகை. குத்துமதிப்பாக மாட்டினார். சாவியைத் திருப்பியதும் கார் ‘டமால்’ என்றது. பக்கத்து வீட்டுப் பூனை மதில் தாண்டியது.

“உங்கப்பா வண்டிய ஓட்டுற லட்சணம் அப்படி,” என்றார் சித்தப்பா.

“சித்தப்பா, நேரமாச்சு. உங்களுக்கு நிஜமாவே தெரியுமா?”

“அஞ்சே நிமிஷம்மா.”

கொல்லைப்புறம் போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. வாசலில் ஃபைல் காத்திருக்கிறது. இனி யாரைக் கேட்பது? நண்பர்களில் கார் விவரம் தெரிந்தவர், சத்தம் கேட்டே கோளாறு சொல்பவர் என்று பெயரெடுத்த ஒருவரின் எண்ணைத் தேடி அழுத்தினார்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கேலி செய்து சிரித்தது போதும். உங்கள் போன்தானே அது?