எங்கள் வங்கியின் தலைசிறந்த வாடிக்கையாளர்

பணம் அனுப்பிவிட்டு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை நான்.

இதில் வெட்கக்கேடு, நான் வேலை பார்ப்பதே வங்கியில். மைசூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் சிறிய தனியார் வங்கி. அதன் மொபைல் செயலியைப் பற்றி வரும் புகார்களைக் கேட்கும் பிரிவில் இருக்கிறேன். ஊருக்கெல்லாம் "கவலைப்படாதீங்க, பணம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் பணம் பத்திரமா என்று மேசைக்கடியில் பார்த்துக்கொள்வேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள். மகள் மித்ராவுக்கு குவெம்புநகரில் ஒரு மழலையர் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அன்று பகல் பன்னிரண்டுக்குள் கட்டணம் வராவிட்டால் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். (கடைசி நாள்வரை ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். அடுத்த தெருப் பள்ளி இதைவிட நல்லதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.) காலையில் எங்கள் செயலியிலேயே பணத்தை அனுப்பினேன். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு ஒன்றும் சொல்லாமல் மறைந்துவிட்டது. என் கணக்கில் பணம் குறைந்திருந்தது. பள்ளிக்குப் போனதா, நடுவழியில் நிற்கிறதா, தெரியவில்லை.

பள்ளிக்கு ஃபோன் செய்தேன். கணக்குப் பார்ப்பவர் பதினொன்றரைக்குத்தான் வருவார் என்றார்கள். (மூன்று முறையும் அதையேதான் சொன்னார்கள்.)

"சும்னே எதுக்கு பயப்படறே? போயிருக்கும் பா," என்றார் கணவர் ரகு, ஸ்கூட்டரிலிருந்து என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேச்சில் பாதி கன்னடம், மீதி நிதானம்.

"போகலைன்னா?"

"உங்க பேங்க் தானே? உள்ளே போய்க் கேளு."

கேட்க முடியாத நாள் அது. இணைய வங்கிச் சேவைக்கு ஒதுக்கிய பணத்தை எதில் போடுவது என்று நிர்வாகக் குழு அன்றுதான் முடிவு செய்யவிருந்தது. எங்கள் பிரிவு கேட்டது சாதாரண விஷயம்: பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று செயலி உடனே சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் பழைய கணினி இணைப்புகளை மாற்ற வேண்டும். மேலாளருக்குக் காய்ச்சல், அதனால் பேச வேண்டியவள் நான். எதிர்த்தரப்பில் பெங்களூர் மென்பொருள் நிறுவனத்து இளைஞர், கோட்டு சூட்டோடு. அவர் திட்டப்படி, செயலியைத் திறந்ததும் தசரா யானை ஒன்று அம்பாரியோடு ஆடி வந்து நம் மேல் பூப்போடும். (எனக்கே பிடித்திருந்தது. அதுதான் கொடுமை.)

முதலில் அவர்தான் பேசினார். கர்நாடக வரைபடத்தைத் திரையில் விரித்தார். யாராவது செயலியைத் திறந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். அடிக்கடி திறந்தால் புள்ளி பெரிதாகும். மைசூரில் ஒன்று மட்டும் உளுந்து வடை அளவுக்கு வீங்கியிருந்தது.

"இது ஒரே ஒரு ஆள் சார்! பேர் காட்ட மாட்டோம். காலையிலிருந்து விடாம திறந்துகிட்டே இருக்காங்க. இது காதல் சார்! இவங்களைத்தான் நாங்க பவர் யூசர்னு சொல்வோம்."

வரைபடத்தைப் பெரிதாக்கினார். வடை குவெம்புநகரில் கிளம்பி, ஒரு பால் பூத்தில் நின்று, எங்கள் அலுவலகத் தெருவுக்குள் திரும்பியிருந்தது. அந்தப் பால் பூத்தை எனக்குத் தெரியும். காலையில் ரகு அங்கேதான் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"அட, பவர் யூசர் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்காங்க!"

சேர்மன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "யாரது? எல்லாரும் கையை மேஜை மேல வைங்க," என்றார் கன்னடத்தில். பொது மேலாளர்கள் எல்லாம் யூகேஜி பிள்ளைகள்போல் கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். புள்ளி அடங்கியது. கீழ்த்தளத்தில் யாரோ என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

தப்பித்தேன். ஆனால் சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்காலைக் காட்டியது. ஒரே ஒரு தடவை. என் வலது கை மெல்ல மேசைக்கடியில் இறங்கியது.

திரையில் வடை மின்னியது.

அத்தனை தலைகளும் என் ஒற்றைக் கையை நோக்கித் திரும்பின. எனக்குக் கன்னடம் மறந்தது, ஆங்கிலம் மறந்தது, இரவெல்லாம் மனப்பாடம் செய்த உரையும் மறந்தது. தமிழில் கொட்டினேன். "பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் சார்... பன்னண்டுக்குள்ள போகலைன்னா சீட் போயிடும்... போச்சா இல்லையான்னு சொல்லவே மாட்டேங்குது சார், சக்கரம் மட்டும் சுத்துது..."

அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டிராத தமிழில் சேர்மன் பேசினார். "அட, தமிழுங்களா அம்மிணி? நமக்குக் கொள்ளேகாலம் பக்கமுங்க. பயப்படாமச் சொல்லுங்க. அப்ப இது காதல் இல்லீங்களா?"

"பயம் சார். பயந்துதான் திறக்கறேன். எங்களுக்கு ஃபோன் பண்ற எல்லாருமே இதைத்தான் கேக்கறாங்க. போச்சா, போச்சா, போச்சான்னு. நாங்க திறந்து திறந்து பாக்கறதுல செயலி இன்னும் மெதுவாகுது. அது மெதுவாக மெதுவாக நாங்க இன்னும் திறக்கறோம்."

எங்கள் பிரிவின் கோரிக்கை முழுவதும் அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டேன் என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இளைஞர் விடவில்லை. "சார், யானை வந்தா வாடிக்கையாளர் மனநிலையே மாறும்..."

"ஆனை பூப்போடறது இருக்கட்டுங்க," என்றார் சேர்மன், கோபத்தில் தமிழிலேயே. "இந்த அம்மிணி பணம் போச்சா இல்லையான்னு உங்க ஆனை சொல்லுமா?"

இளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது.

அப்போது என் கைப்பேசி அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டேன். பள்ளி அலுவலகப் பெண்மணியின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "மேடம், உங்க காசு காலையிலேயே வந்திருச்சு. சீட் உங்களுக்குத்தான். தயவுசெஞ்சு இனிமே ஃபோன் பண்ணாதீங்க."

முதலில் கைதட்டியவர் சேர்மன்.

யானை பெங்களூருக்கே திரும்பிப் போனது. பணம் பழைய இணைப்புகளை மாற்றப் போனது. இப்போது எங்கள் செயலியில் அனுப்பிய மறுநொடி பச்சை எழுத்தில் இரண்டு வரி வரும்: 'பணம் போய்ச் சேர்ந்தது. மறுபடி பார்க்க வேண்டாம்.' இரண்டாவது வரி சேர்மன் பிடிவாதமாகச் சேர்த்தது. அது யாருக்கென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். புகார்ப் பிரிவில் "போச்சா" அழைப்புகள் அநேகமாக நின்றுவிட்டன. எனக்குப் பதவி உயர்வு வந்தது. (தவறுதலாக வேறு யாருடைய கடிதமோ என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.)

வீட்டில் மட்டும் நான் உயரவில்லை. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் திரும்பினால் ரகு அந்த இளைஞரின் குரலிலேயே ஆரம்பிப்பார்: "பூட்டு மேல என்ன ஒரு காதல் சார்!"

மித்ரா இப்போது யூகேஜி. போன வாரம் அவளை வகுப்பில் விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக மூன்றாம் முறை எட்டிப் பார்த்தேன். புதிய ஆசிரியை, "யாரது?" என்று கேட்டார். மித்ரா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எங்கம்மா, மிஸ். பவர் யூசர்."