மன்னரின் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த வரலாறு

அனுமதி இயக்ககத்தின் பெருமை அத்தனையும் அதன் காப்பறையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அது ஒரு கைக்கடிகாரம். தங்கக் கூடு, நீல முகப்பு. உலகத்திலேயே அந்த மாதிரியில் நாலைந்துதான் செய்தார்களாம். முன்னொரு காலத்தில் வெளிநாட்டு மன்னர் ஒருவர், நம் எல்லை வழியாகப் போக அனுமதிச் சீட்டு கேட்டு அந்த அலுவலகத்துக்கு வந்தார். காலையில் வந்து உட்கார்ந்தவர் மாலையில் எழுந்தார். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அன்றைய இயக்குநரிடம் கொடுத்தார். "என்னைவிட உங்களுக்குத்தான் இது தேவை" என்று சொல்லிவிட்டு, சீட்டு வாங்காமலே வேறு வழியாகப் போய்விட்டார். மன்னரின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இயக்ககம் அந்தப் பொன்மொழியைக் கடிகாரத்தின் முதுகில் அரசு செலவில் பொறித்துவைத்தது.

அதைக் காத்துவந்தவர் காப்பாளர். எதையும் பூட்டிவைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் முதுகுக்குப் பின்னால் 'பூட்டு' என்பார்கள். முகத்துக்கு நேரே 'காப்பாளர் சார்'. ஓடுகிற கடிகாரம் என்றைக்காவது கெட்டுப்போகும், நிற்கிற கடிகாரம் கெடாது என்பதை அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கண்டுகொண்டார். கெட்டால் கேள்வி அவரிடம்தான் வரும். ஆகவே 'சாவி கொடுக்கலாகாது' என்று ஒரு சீட்டு எழுதி அதன் வாரில் கட்டிவிட்டார். கடிகாரம் நாலு பத்தில் நின்றது. காப்பாளரும் நிம்மதியாகத் தலை நரைத்து, ஓய்வு பெறும் வயதுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வருடம் பழசுதான் புது நாகரிகம். துறைத்தலைவர்கள் கூட்டத்துக்கு ஒருத்தர் விடாமல் தாத்தா காலத்துக் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் இயக்குநர் கையில் மட்டும் புத்தம்புதுசு பளபளத்தது. அவமானத்தில் அவர் கூட்டம் முடியும்வரை கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாராம். திரும்பி வந்ததும் இரும்புப் பெட்டி திறக்கப்பட்டது. சீட்டை மட்டும் அவிழ்க்கக்கூடாது என்று காப்பாளர் மன்றாடினார். இயக்குநரும் பெரிய மனசு பண்ணி, சீட்டு தொங்கத் தொங்கவே கட்டிக்கொண்டார்.

மறுநாள் அவர் மதிய வேளையில் அலுவலகத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் கையைத் திருப்பிப் பார்த்து, "நாலு பத்து" என்றார். சுவர்க் கடிகாரம் வேறு என்னமோ சொன்னது. கண்காணிப்பாளர் ஒரு கணம்தான் யோசித்தார். ஒரு பக்கம் மன்னர் மணிக்கட்டில் கிடந்த தங்கம், இன்னொரு பக்கம் மலிவு விலைக்கு வாங்கிய பிளாஸ்டிக். 'ஒரே அலுவலகத்தில் இரு நேரங்கள் நிலவுவது நிர்வாகத்துக்கு உகந்ததன்று' என்று சுற்றறிக்கை போனது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி, முள்ளை நாலு பத்துக்கு நகர்த்திவைத்தார்கள்.

அதன்பின் அந்த அலுவலகம் கண்ட பொற்காலத்தை என்ன சொல்ல! யாரும் தாமதமாக வரவில்லை; எப்போது வந்தாலும் நாலு பத்துதான். எந்தக் கோப்பும் தேங்கவில்லை, ஏனென்றால் அது வந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாமதமே இல்லாத அலுவலகம் என்று மேலிடத்தில் பாராட்டு வந்தது. ஜனங்கள் கொதிப்பார்கள் என்று நினைத்தால், அவர்களும் வாயைத் திறக்கவில்லை. கெடு தாண்டியதற்கான அபராதம் நின்றுபோனதில் அவர்களுக்கும் உள்ளூரக் குளிர்ச்சி.

காப்பாளர் ஓய்வு பெறும் நாள் வந்தது. அவர் மகள் வெளியூரில் நிறைமாதமாக இருந்தாள். மூட்டை முடிச்செல்லாம் கட்டி மனைவி தயார். மேசையைத் துடைத்துவிட்டுக் காப்பாளர் கண்காணிப்பாளரிடம் போய் நின்றார்.

"கிளம்பலாமா சார்?"

"எங்கே கிளம்புறீங்க? உங்க உத்தரவுல என்ன போட்டிருக்கு? மாலை ஐந்து மணிக்கு ஓய்வு. இப்ப மணி என்ன?"

"நாலு பத்து."

"அப்புறம் என்ன? உட்காருங்க."

"வெளியில இருட்டிக்கிட்டு வருது சார்."

"வெளியில இருட்டுறதுக்கு நம்ம துறை பொறுப்பில்ல."

இப்படியே நாள் போனது. அதாவது வெளியில் போனது. வீட்டு வசதித் துறைக்கு வேறு நாட்காட்டி இருந்ததால், ஓய்வு பெற்றவர் என்று சொல்லிக் குடியிருப்பைக் காலிசெய்ய வைத்தார்கள். சம்பளப் பிரிவும் அதே நாட்காட்டியைப் பார்த்துச் சம்பளத்தை நிறுத்தியது. ஓய்வூதியப் பிரிவு மட்டும் மன்னர் கடிகாரத்தைப் பார்த்தது. மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். காப்பாளர் காப்பறையிலேயே பழைய கோப்புகளைத் தலைக்கு வைத்துப் படுத்தார். ஒரு நாள் போன் வந்தது.

"பேத்தி பிறந்திருக்கா" என்றாள் மனைவி.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் காப்பாளர்.

மனைவி போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போய், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அலுவலகமே பதறியது. ஐம்பது நிமிடம் ஓடிவிட்டால் இத்தனை கோப்பும் ஐம்பது நிமிடம் தாமதமாகிவிடுமே, அந்தப் பழியை யார் சுமப்பது என்று கேட்டார்கள். சன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களும் கெடுவை நினைத்து, வேண்டவே வேண்டாம் என்று குரல் கொடுத்தார்கள்.

"ஒருதடவை ஓட விட்டா நிறுத்த முடியுமாய்யா?" என்றார் இயக்குநர்.

"முடியும் ஐயா. ஐந்து அடிக்கிற நேரம், சாவி கொடுக்கிற திருகை வெளியே இழுத்தா அப்படியே நின்னுடும். எனக்கு ஐந்து மணி ஆனா போதும். அதுக்கு மேல ஒரு நொடி வேண்டாம்" என்றார் காப்பாளர்.

அந்த யோசனை எல்லாருக்கும் பிடித்துப்போனது. 'காப்பாளரின் ஓய்வை முன்னிட்டு ஐந்து மணி வரை மட்டும்' என்று அனுமதி பிறந்தது. அந்த இயக்ககம் அந்த வருடம் கொடுத்த ஒரே அனுமதி அதுதான். காப்பாளர் தன் சீட்டைத் தானே அவிழ்த்து, இரண்டு விரலால் திருகைச் சுற்றினார். கடிகாரம் டிக் டிக் என்றது. அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு பேர் மிரண்டுபோய் ஆளுக்கொரு கோப்பைத் திறந்தார்கள். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்திருந்தார்கள். சரியாக ஐந்துக்கு இயக்குநர் திருகை இழுத்தார். கண்காணிப்பாளர் எழுந்து சுவர்க் கடிகாரத்தையும் ஐந்துக்கு நகர்த்தினார். கைதட்டினார்கள், புகழ்ந்து பேசினார்கள். ஊழியர்கள் சார்பில் ஒரு புதுக் கைக்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். காப்பாளர் அதைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

பேத்தி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். மனைவி பேச ஆரம்பித்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஓய்வூதியம் ஒன்றைத் தவிர. பேத்தி தவழவும் தொடங்கிவிட்டாள், அது வந்தபாடில்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் விடியற்காலை பஸ் பிடித்து, அலுவலகம் திறக்கும் வேளைக்கு வந்து இறங்கினார்.

உள்ளே எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். சன்னலில் இருந்த எழுத்தர் எழுந்து வணக்கம் சொல்லி, சுவரைக் காட்டினார்.

"மணி ஐந்தாச்சு சார். ஆபீஸ் முடிஞ்சுது. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"எப்ப வந்தாலும் ஐந்துதான் சார்."

"முடிஞ்சுதுன்னா நீங்கள்லாம் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க?"

"ஐந்துக்கு மேல இருந்தா கூடுதல் நேரப் படி உண்டில்ல சார். எல்லாம் உங்க புண்ணியம்."

வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. என்ன மாறிவிட்டது என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. முன்னால் நின்ற பெரியவர் மட்டும், புதுசா வந்தவர் போலிருக்கிறது, வரிசையில் பின்னால் போய் நில்லுங்கள் என்றார்.

காப்பாளர் நின்று பார்த்தார். கால் கடுத்தது. கடைசியில் கையிலிருந்த பரிசுக் கடிகாரத்தைக் கழற்றி, சன்னல் வழியாக நீட்டினார்.

"என்னைவிட உங்களுக்குத்தான் இது தேவை" என்றார்.

எழுத்தர் இரண்டு கையாலும் பக்தியோடு வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஐயையோ, இது ஓடுது சார்" என்றார். "உங்க பழைய சீட்டு ஒண்ணு இருந்ததே, அதை எங்க வெச்சீங்க?"