சம்பந்தி வீட்டுக்குப் போன மோட்டார் சைக்கிள்

பாளையங்கோட்டை,
ஆவணி, புதன்கிழமை.

அம்பாசமுத்திரம் உயர்திரு சம்பந்தி குமரகுருபரன் அவர்கள் சமூகத்துக்கு, ஆவுடையப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் கோமுவும் நெல்லையப்பர் புண்ணியத்தில் சௌகரியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகள் பிருந்தாவும் சௌகரியம்தானா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். ஆனால் உங்கள் முழங்கால் சௌகரியமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். பிருந்தா போனில் சொல்லிவிட்டாள். 'மாமா தெனமும் சாயங்காலம் முட்டுக்கு எண்ணெய் தேய்க்காவப்பா, கேட்டா பனி ஒத்துக்கிடலங்காவ' என்றாள். ஆவணி மாதத்தில் அம்பாசமுத்திரத்தில் ஏது பனி. அது என் மோட்டார் சைக்கிள் செய்கிற வேலை. அந்த வண்டி எனக்குத் திரும்ப வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி மரியாதைக்கு வருகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன வாரம் அதற்காகத்தான் கூப்பிட்டேன். 'நம்ம வண்டி எப்படி இருக்கு' என்று நீங்கள் கேட்டீர்கள், 'தங்கம்' என்றேன். 'அங்கன நம்மது?' என்று நான் கேட்டேன், 'வைரம்' என்றீர்கள். அதற்குமேல் என்ன பேச. போனை யார் முதலில் வைப்பது என்று 'நீங்க வைங்க', 'இல்ல, நீங்க வைங்க' என்று நின்றோம். கடைசியில் என் போனில் சார்ஜ் தீர்ந்து அதுவாக அணைந்தது. அதையும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஓய்வு பெற்ற கையோடு அந்தக் கறுப்பு வண்டியை வாங்கியபோது தெருவே சிரித்தது. கடைசி நாள் வரை பழைய ஸ்கூட்டரில் வங்கிக்குப் போன மனுசனுக்கு, அறுபது வயசில் அறுநூற்றைம்பது சிசி எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான். ஏனென்றால் அதே வருஷம் நீங்கள் அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கி வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகளின் ஜாதகப் பொருத்தம் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஷெட்டில் அந்த நீல வண்டியைப் பார்த்ததுமே 'இந்தச் சம்பந்தம் முடிஞ்சுது' என்று கோமுவிடம் சொன்னேன். ஜோசியர் அப்புறம்தான் சொன்னார்.

இரண்டும் நெடுந்தூரம் போகிற ஜாதி என்றாலும் இரண்டும் வேறு வேறு. என்னுடையது தாழ்ந்த வண்டி. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும், மெத்தை அகலம், பின்னால் இருக்கிற ஆளுக்கு முதுகு சாய ஒரு திண்டு. உங்களுடையது எண்ணூறு சிசிக்கு மேல், நெட்டைக் கால், முன்னால் காற்றுத் தடுக்கக் கண்ணாடி, இருபுறமும் அலுமினியப் பெட்டி. நீங்கள் ஆறடி, அதற்கு ஏற்ற வண்டி. நான் எவ்வளவு என்பதைக் கல்யாண போட்டோவில் எல்லோரும் பார்த்ததுதான். ஆண்டவன் அளந்து கொடுத்தது போல அவரவர் வண்டி அவரவருக்கு இருந்தது. அதைக் கெடுத்தது நான்.

அந்த வண்டி எனக்கு என்ன என்று உங்களுக்குச் சொன்னதில்லை. கோமு வீட்டில் அதிகம் பேசுகிறவள் இல்லை. பிருந்தா உங்கள் வீட்டுக்கு வந்தபின் அதுவும் குறைந்துபோயிற்று. 'சாப்பிட வாங்க', 'மோட்டார் ஓடுது, நிறுத்துங்க', இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஆனால் வெள்ளிக்கிழமை கோயில் கும்பிட்டுவிட்டு மேற்கே ஒரு நெடுஞ்சுற்றுப் போக வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால், பேட்டை தாண்டுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள். என் தோளில் கையை வைத்துக்கொண்டு, போகும்போதும் பேச்சு, வரும்போதும் பேச்சு. நான் 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டுவேன். அந்த அகல மெத்தையில் நான் போட்ட பணமெல்லாம் அந்தப் பேச்சுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்படி இருக்கையில் ஆடி மாதம், சாரல் நேரம், இரண்டு வண்டியையும் ஒருநாள் பாபநாசம் வரை ஓட்டி, இழுவையில் எது, சொகுசில் எது என்று பார்த்துவிடுவோம் என்று பேசினோம். நீங்களும் சம்பந்தியம்மாளும் முந்தின நாளே இங்கே வந்து தங்கினீர்கள். பரிசோதனை ஓட்டத்தில் பெண்கள் வேண்டாம் என்று அவர்கள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டு நாம் கிளம்பினோம். கிளம்பிய பிறகுதான் ஒன்று விளங்கியது: சம்பந்தியை முந்திப் போவது எப்படி? நான் பெண்ணைக் கொடுத்தவன், முந்தினால் அடக்கமில்லாதவன் ஆவேன். நீங்கள் என் ஊருக்கு வந்த விருந்தாளி, முந்தினால் பெருந்தன்மையில்லாதவர் ஆவீர்கள். நீங்கள் கையைக் காட்டி 'போங்க' என்றீர்கள், நான் பிரேக்கைப் பிடித்து 'நீங்க போங்க' என்றேன். பேட்டையில் ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து நம்மை முந்தினார். சுத்தமல்லி தாண்டி வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் ஒதுங்கியதுதான் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதி, ஏனென்றால் டிராக்டரை முந்த வேண்டியது யார் என்ற பேச்சு எழவில்லை. பெண்கள் இருந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு நம் இரண்டு பேரையும் தாண்டிப் போனது. கோமு ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். இரண்டு வண்டிக்கும் சேர்த்து எத்தனையோ குதிரைத் திறன், மூன்றாவது கியருக்குமேல் ஒன்றும் வெளியே வரவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் டீ குடித்து, சொகுசு பார்ப்பதற்காக வண்டியை மாற்றிக்கொண்டோம். மீதி வழி முழுக்க என் பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. இடுப்பு எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆகிவிட்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் உங்கள் முழங்கால் இரண்டும் என் ஹாண்டில்பாருக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. பாபநாசத்தில் பெண்கள் குளித்து, தலை உலர்த்தி, இட்லியில் பாதியைத் தின்று முடித்திருந்தார்கள். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன், சொல்லவில்லை. வீட்டிலிருந்து நேரே வந்திருந்த மாப்பிள்ளைதான், 'எந்த வண்டி மாமா நல்லாருக்கு?' என்று கேட்டார். 'அப்பா வண்டி மெத்தையில படுத்த மாதிரி' என்றேன், நிற்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு. நீங்கள் காலை நீட்ட முடியாமல் உட்கார்ந்துகொண்டு, 'ஒங்க வண்டி தேரு மாதிரில்லா வருது' என்றீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண் வீட்டில் உள்ள ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் புகழ்ந்தால் அதைக் கட்டிக் கொடுத்து அனுப்புவது எங்களிடம் வழக்கம். நீங்கள் போன வருஷம் எங்கள் மரத்துப் பலாப்பழத்தைப் புகழ்ந்தீர்கள், அது உங்கள் காரில் ஏறியது. பித்தளை அண்டாவைப் புகழ்ந்தீர்கள், அதுவும் ஏறியது. அந்தப் பழக்க தோஷத்தில் என் வாய், என்னைக் கேட்காமல், 'பிடிச்சிருந்தா வச்சிக்கிடுங்க சம்பந்தி' என்று சொல்லிவிட்டது. நீங்கள் சளைப்பவரா, 'அப்பம் நம்மது ஒங்களுக்கு' என்றீர்கள். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்வது முறை. நான் ஒரு தடவை சொன்னேன், நீங்கள் ஒரு தடவை சொன்னீர்கள். அடுத்ததை நீங்கள் சொல்வீர்கள் என்று நானும், நான் சொல்வேன் என்று நீங்களும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மாப்பிள்ளை, பாவம் சின்ன வயசு, முறை தெரியாதவர், 'நல்ல ஐடியால்லா' என்று சாவி இரண்டையும் வாங்கி மாற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு 'வேண்டாம்' குறைந்ததில் என் வண்டி போயிற்று.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வண்ணாரப்பேட்டை சிக்னலில் கால் எட்டாமல், பக்கத்தில் நின்ற டவுண் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, 'அண்ணாச்சி, தொங்கிட்டு வந்தாலும் டிக்கெட் உண்டு' என்றார். இன்னொரு நாள் ஏதோ பொத்தானில் கை பட்டு, கைப்பிடியைச் சூடாக்குகிற வசதி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பனிமலைக்காரனுக்கு வைத்த வசதி, மேட்டுத்திடல் ரோட்டில் மத்தியான வெயிலில் தோசைக்கல்லைப் பிடித்ததுபோல் வீடு வந்து சேர்ந்தேன். அணைப்பது எப்படி என்று உங்களுக்குப் போன் போட நினைத்து, குறை சொல்வதாக ஆகிவிடுமே என்று துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அகமது மீரானிடம் போய் உயரத்தைக் குறைக்க முடியுமா என்றேன். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'கொறைக்கலாம் அண்ணாச்சி, ஆனா கொறச்சா வண்டி கெட்டுரும். ஒங்களக் கூட்டுததுக்கு வழியிருந்தா அதான் நல்லது' என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கோமுவை ஏற்றியதுதான் பெரிய பாடு. காம்பவுண்டுச் சுவர்மேல் நின்று ஒருவழியாக ஏறிவிட்டாள். நெல்லையப்பர் கோயிலுக்குப் போனோம். அங்கே போனபின்தான் இறங்குவதற்குச் சுவர் இல்லை என்று தெரிந்தது. உயரமான படி எங்காவது இருக்கிறதா என்று தேடி நான்கு ரத வீதியையும் இரண்டு தடவை சுற்றினேன். 'இன்னொரு சுத்து சுத்துங்க, மூணாவது வலம் வந்த புண்ணியமாவது கெடைக்கும்' என்றாள் கோமு. சாமியைப் பார்க்காமலே வீட்டுச் சுவருக்குத் திரும்பினோம். அத்தோடு சரி, இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமையானால் ஆட்டோவில் கோயிலுக்குப் போய்விடுகிறாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சாப்பிட வாங்க, மோட்டார் ஓடுது, இரண்டு பேச்சுத்தான் மிச்சம். எனக்கு இதுதான் தாங்க முடியவில்லை சம்பந்தி. இடுப்பு வலியைத் தாங்கிவிடுவேன்.

நேரே கேட்டு வாங்கிவிடலாமே என்றால், சம்பந்தி வீட்டுக்குப் போனது சீர், சீரைத் திரும்பக் கேட்டவன் எங்கள் வம்சத்தில் இல்லை. இதற்கிடையில் திசையன்விளையில் இருக்கும் என் மூத்த மகளின் மாமனாருக்கு, நான் உங்களுக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்த செய்தி எட்டிவிட்டது. 'எங்களுக்கு ஒரு சைக்கிளாவது வருமா' என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு கேட்டதெல்லாம் இதுவரை வாங்கிக் கொடுத்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

ஆகவே ஒரு யோசனை. இன்னொரு பரிசோதனை ஓட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு நீங்கள் என் வண்டியில் கிழக்கே வாருங்கள், நான் உங்கள் வண்டியில் மேற்கே வருகிறேன். சேரன்மகாதேவியில் டீ குடிப்போம். குடித்துவிட்டு, ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டே, ஞாபக மறதியாக, அவரவர் பழைய வண்டியில் ஏறி அவரவர் ஊருக்குப் போய்விடுவோம். யாரும் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. மறுநாள் போனில் இதைப்பற்றி இரண்டு பேரும் பேச வேண்டாம். உங்கள் முட்டும் பிழைக்கும், என் வெள்ளிக்கிழமையும் பிழைக்கும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பிருந்தாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம், காந்திமதி அம்பாள் கூடவே இருந்து காப்பாள். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பெண்ணைக் கொடுத்தவன் என்று பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
ஆவுடையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் கோமு இதை வாங்கிப் படித்துவிட்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டோ கோயிலுக்கு இல்லையாம், பஸ் ஸ்டாண்டு வரைக்குத்தானாம். அங்கிருந்து சேரன்மகாதேவி டவுண் பஸ். அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மாள் வருகிறார்களாம். இரண்டு பேரும் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து பேசிவிட்டு அவரவர் பஸ்ஸில் திரும்புகிறார்களாம். உங்களுக்கும் இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 'என் பின்னால இருந்து அம்புட்டும் பேசிட்டுத்தான வந்த, இப்பம் என்ன' என்றேன். 'பேசினேன். ஒங்களுக்குக் கேட்டுச்சா?' என்றாள். 'பிருந்தா இல்லாத வீட்டுல எனக்குப் பகலு நகர மாட்டேங்குன்னு வீரவநல்லூர்கிட்ட ஒரு நாள் சொன்னேன். நாலாவது கியர்ல இன்னும் நல்லாருக்கும்னிய.'

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமில்லை. நாலாவது கியரில் நன்றாக இருந்தது ஞாபகமிருக்கிறது.

எனவே மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இரண்டும் எங்கே நின்றாலும் நிற்கட்டும், உங்கள் முட்டு ஆறுகிறவரை அதைத் தொடாதீர்கள். வெள்ளிக்கிழமை நானும் பஸ்ஸில் கூட வரட்டுமா என்று கேட்டேன். 'வாங்க. எனக்கு டிக்கெட் கெடையாது, ஒங்களுக்கு எடுக்கணும்' என்றாள். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, 'ஜன்னல் எனக்கு' என்றாள். நீங்களும் சம்பந்தியம்மாளோடு அந்தப் பக்கத்து பஸ்ஸில் வந்து சேருங்கள். உங்கள் பஸ் என் பஸ்ஸைவிடச் சொகுசாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வந்து அதை நான் வாய் திறந்து புகழ மாட்டேன்.