கிரிவலம் போன சி.பி.யூ.

கோபம் வந்தால் சிலருக்கு முகம் சிவக்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு ஸ்குரூ டிரைவரைத் தேடத் தோன்றும். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த (அப்பாவின் கணக்குப்படி, தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த) அந்த ஐப்பசியில் என் கையில் எப்போதும் அது இருந்தது.

காரணம் என் கம்ப்யூட்டர். நானும் கீழ்பென்னாத்தூர் பிரபுவும் இன்னும் இரண்டு பேரும் ஆன்லைனில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இறுதிப்போட்டி வரை வந்துவிட்டோம். நான் எதிலுமே இறுதிவரை போனவன் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு, எதிரியைக் குறிபார்க்கும் நேரமாகப் பார்த்து கம்ப்யூட்டர் ‘டப்’பென்று அணைந்துபோனால் எப்படி இருக்கும்?

விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். ரேம் சிப்பைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். கேம் கம்பெனிக்கு நான் எழுதிய மெயிலை இன்று படித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

“சூடாவுதான்னு பார்த்தியா மச்சான்?” என்றான் பிரபு.

“ஃபேன் சுத்துதுடா! எனக்குத் தெரியாதா?” என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

மாலையில் இறுதிப்போட்டி என்ற நாளும் வந்தது. காலையில் கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது. கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். கடை டவுனில் இருக்கிறது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் ஆட்டோ, பைக் எதையும் விடவில்லை. சி.பி.யூ.வைப் பாலிதீன் பையில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு, மழைத் தூறலில் கிரிவலக் கூட்டத்தோடு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் செருப்பும் அறுந்தது. தலையில் பாரம், வெறுங்கால், முகத்தில் கடுப்பு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“இன்னா வேண்டுதல் தம்பி?” என்றார் பக்கத்தில் வந்த ஓர் அம்மா.

“இது ஆஃப் ஆவாம இருக்கணும்!” என்று எரிந்து விழுந்தேன்.

“ஆவாதுப்பா. அண்ணாமலையார் பார்த்துப்பாரு” என்று எம்பி, பாலிதீன் மேல் விபூதி பூசினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் பூசினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சி.பி.யூ.வை மலை மேலேயே வீசியிருப்பேன்.

கடைக்காரர் அதே விளையாட்டை மதியம் வரை ஓட்டினார். அணையவே இல்லை.

“நல்லாத்தான கீதுங்க? வூட்டுல உங்களுக்கு ஏதாவது டென்ஷனா?” என்றார்.

சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். திரும்பும்போது கூட்டத்துக்கு எதிர்த்திசை. “சுத்துற பக்கம் தெரியாமத்தான் வேண்டிக்கினியா?” என்று திட்டு வாங்கியபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

மாலையில் ஆட்டம் தொடங்கியது. பிரபுவும் மற்ற இருவரும் போனில், ஸ்பீக்கரில். ஜெயிக்கிற நிலைமை. எதிரணியில் ஒரே ஒருவன் மிச்சம். அவனும் என் துப்பாக்கிக்கு நேராக நிற்கிறான். ‘டப்.’

“டேய், இன்னாடா ஆச்சு? சுடுடா!” என்று போன் கத்தியது.

நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். மேஜையை உதைத்தேன். (மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரல் வீங்கியது.) எங்கள் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் உண்டு. சி.பி.யூ. அதன்மேல்தான் இருக்கும், முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் சமையலறைக்கு. வயரைப் பிடுங்கி எறிய, அணைந்த அந்த நிமிடமே முதல்முறையாகச் சமையலறைப் பக்கம் ஓடினேன்.

சி.பி.யூ.வின் முதுகில், சூடான காற்று வெளியே வருகிற ஓட்டையை முழுக்க மூடிக்கொண்டு, ஒரு ஈரத் துண்டும் என் இரண்டு ஜட்டிகளும் தொங்கின. அம்மா அவற்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா இது?”

“மழையில துணி எங்கடா காயுது? இதுல நல்லா சூடா காத்து வருது. நீ விளையாடும்போது ஜாஸ்தியா வருது. காத்து நின்னுட்டா எடுத்துடுவேன்.”

“அதான் ஆஃப் ஆவுது! தெனம் ஆஃப் ஆவுறதே இதாலதாம்மா!”

“என்கிட்ட ஏன்டா கத்தற? காலையில காஞ்ச ஜட்டி வேணும்னு கத்துனதும் நீதான?”

போன் இன்னும் அணையவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஸ்பீக்கரில் மூன்று பேர் மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை போன துக்கம்கூட அவர்களுக்கு இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, வேலையும் வந்து, வேங்கிக்காலில் குடியிருக்கிறேன். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஏதோ ஒன்றுக்கு வீடே அதிரக் கத்தினேன். அம்மா சொல்லி இந்த ஜட்டிக் கதை முழுக்கத் தெரிந்த என் மனைவி, துவைத்த துணி இருந்த வாளியைத் தூக்கி வந்து, ஈரத் துண்டு ஒன்றை எடுத்து என் தோளில் விரித்துப் போட்டாள்.

“கத்துங்க. இது காயுற வரைக்கும் நிறுத்தாதீங்க” என்றாள்.