முதலில் நான் பார்க்கிறேன்

"இரு, சூடு ஜாஸ்தியா இருக்கான்னு முதல்ல நான் பாக்கறேன்" என்று தட்சிணாமூர்த்தி வறுத்த உப்பு முடிச்சைத் தன் தாடையில் வைத்துக்கொண்டார்.

ராஜாமணி கன்னத்தில் கை வைத்தபடி கட்டிலில் காத்திருந்தாள். அவர் வலது தாடையில் வைத்தார். இடது தாடையில் வைத்தார். பிடரியில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

"என்னங்க, எனக்கு?"

"இந்தா. இப்பதான் பதமா இருக்கு."

"ஆறிப்போச்சுங்க."

கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சத்துணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் ஒரு கரண்டி தன் வாயில் போட்டுப் பார்ப்பார். அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் சிந்துஜா குடித்த காய்ச்சல் மருந்து, ஓட்டிய சைக்கிள், சாப்பிட்ட விடுதிச் சாம்பார் எல்லாம் அப்பா முதலில் பார்த்துக் கொடுத்தவைதான்.

ஒன்றே ஒன்றைத் தவிர. சிதம்பரத்துக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த ஆரோக்கியராஜைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, பொங்கலன்று கரும்போடு வாசலில் வந்து நின்றாள்.

"என்கிட்ட காட்டாமலே முடிச்சிட்ட இல்ல? அப்ப நான் எதுக்கு? போ."

கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வலி வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு நாள் காலை அவர் சொன்னார்:

"ராத்திரி பூரா பல்ல நறநறன்னு கடிக்கிற ராஜாமணி. அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமே போச்சு."

"நானா?"

"பின்ன? வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேருதான?"

ராஜாமணி அவருடைய இறுகிய தாடையைப் பார்த்தாள். "ஆமாங்க, தாடை வலிக்கத்தான் செய்யுது" என்றாள்.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. கெட்டித் தலையணை வாங்கினார். தோதாக இருக்கிறதா என்று முதலில் அவர் படுத்துப் பார்த்தார். காலையில் அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. பல் டாக்டரிடம் போனார்கள். "ஊசி ரொம்ப வலிக்குமா? முதல்ல எனக்கு லேசா போடுங்க" என்று வாயைத் திறந்தார். ஒரு பக்கம் மரத்துப்போய், காபி சட்டையில் வழிந்தது. ராஜாமணியின் பற்களைத் தட்டிப் பார்த்த டாக்டர், "அம்மாவுக்கு எல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"நேத்து வலது பக்கம்னு சொன்ன, இன்னிக்கு இடது பக்கத்தக் காட்டுற?" என்று கேட்டார் வெளியே வந்து.

"எடம் மாறுதுங்க."

"ஐயோ, அது இன்னும் மோசமாச்சே!"

சேத்தியாத்தோப்பில் ஒருவர் சுளுக்கு எடுப்பாராம். போனார்கள்.

"யாருக்குங்க சுளுக்கு?"

"இவுங்களுக்கு. ஆனா முதல்ல எனக்கு எடுங்க. தாங்குவாளான்னு பாக்கணும்."

சுளுக்கு எடுப்பவர் தட்சிணாமூர்த்தியின் தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். திரும்பின தலை இடது பக்கமே நின்றுவிட்டது.

"எனக்கு வேணாங்க" என்றாள் ராஜாமணி.

கடைசியில் கடலூரிலேயே ஒரு பெரிய டாக்டர். பிரஷர் பட்டையையும் தன் கையில்தான் முதலில் கட்டச் சொன்னார் தட்சிணாமூர்த்தி. டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"ரொம்ப ஏறியிருக்கே சார். நீங்களும் காட்டிக்கலாமே?"

"மெஷின் சரியில்ல. எனக்கென்ன, நான் இரும்பு. வலி அவளுக்கு."

ராஜாமணிக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒன்றுமில்லை. ராஜாமணி டாக்டரிடம் தனியாக இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். "நாள்பட்ட வலிக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க, சிதம்பரத்துல" என்று அனுப்பினார் டாக்டர்.

"சிதம்பரமா? வேற ஊர்ல டாக்டரே இல்லியா?"

"வலிக்குதுங்க" என்றாள் ராஜாமணி. மறுநாள் கிளம்பினார்கள்.

பஸ்ஸில் கழுத்து திரும்பாததால் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டார்:

"அந்தக் கரும்ப உள்ள எடுத்து வச்சியா?"

"நீங்கதான் தொடாதன்னீங்க. காஞ்சே போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "அவ வீடு எந்தப் பக்கம்?" என்றார். உடனே, "சும்மாதான் கேட்டேன்" என்றும் சொன்னார்.

டாக்டரம்மா ராஜாமணியைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்றார்.

"காலைல எழுந்தா தாடை பூட்டு போட்ட மாதிரி இருக்கும் டாக்டர்" என்றார் தட்சிணாமூர்த்தி. "அப்பறம் கழுத்து. அங்கேருந்து நெத்திக்கு ஏறும். ராத்திரி முழிப்பு வந்துட்டா நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி."

"உங்க மனைவியோட வலி உங்களுக்கு இவ்வளவு நல்லாத் தெரியுதே?"

"கூடவே இருக்கறேனே."

"எப்பலேருந்து?"

"பொங்கல்லேருந்து."

"பொங்கலுக்கு என்ன நடந்துச்சு?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். ராஜாமணி தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வலி பொய் இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "எலும்புல, பல்லுல ஒண்ணும் இருக்காது, ஆனா வலி நெஜம். மனசு எதையாவது இறுக்கிப் பிடிச்சா தாடையும் தோளும் கூடச் சேந்து பிடிச்சிக்கும். ரொம்ப நாள் பிடிச்சா அதுக்கே பழகிடும். மெதுவாத்தான் விட வைக்கணும். நடக்கணும், ஒத்தடம் குடுக்கணும், மூச்ச நீளமா விட்டுப் பழகணும். பிரஷர் இருந்தா அதுக்கும் மருந்து சாப்பிடணும். பேச வேண்டியவங்ககிட்ட பேசிடணும். எங்க, இப்ப நீங்க செய்ங்கம்மா, பல்ல ஒட்டாம வச்சு, தோளத் தளத்தி, மூச்ச இழுத்து மெதுவா விடுங்க."

"இருங்க டாக்டர். முதல்ல நான் செஞ்சு பாக்கறேன்."

பல்லை ஒட்டாமல் வைத்தார். தோளைத் தளர்த்தினார். மூச்சை இழுத்து மெதுவாக விட்டார். பாதி மூச்சு வெளியே வந்தபோது கண்ணீரும் வந்துவிட்டது.

"போன்னு சொல்லிட்டேன் டாக்டர்" என்றார். "கரும்பு தூக்கிட்டு வந்த புள்ளைய. உள்ளயே கூப்பிடல. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. ஒரு வாய்த் தண்ணி கூடக் குடுக்கல."

யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது மூச்சை அவரே விட்டார். மூன்றாவதில் கழுத்து, விரலளவு, நேராகத் திரும்பியது.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நர்ஸ் இளவரசியின் மேஜை முன் நின்றார்.

"சிஸ்டர், இவுங்கள மறுபடி எப்பக் கூட்டிட்டு வரணும்?"

நர்ஸ் ராஜாமணியைப் பார்த்தாள். ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவுங்கள எதுக்கு சார்? பேஷண்ட்டே நீங்கதான். போன வாரம் உங்க பொண்ணு வந்து, வலிக்கவே வலிக்காத கழுத்த டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போச்சு, 'எங்கப்பாகிட்ட பொறுமையாப் பேசுவாங்களான்னு முதல்ல நான் பாத்துடறேன் சிஸ்டர், அப்பறம்தான் அம்மாகிட்டச் சொல்லி அவர வர வைப்பேன்'னு."