ரிட்டன் லோடில் வந்த கடல்

பழம்பாடல்களில் 'துகிர்' என்று வந்தால் அது பவளம் என்று நாலு பேருக்கு விளக்கம் சொல்லிப் பெருமை தேடிக்கொண்டவன் நான். அப்பேர்ப்பட்ட நான், முதன்முதலாக உயிருள்ள பவளத்தை நேரில் பார்த்தபோது கேட்ட கேள்வி இது: "அருமையா இருக்குதே, எந்த ஊர் ஆசாரி செதுக்கினது?"

பவளம் இருந்த கண்ணாடித் தொட்டிக்குச் சொந்தக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க புஸ்தகமெல்லாம் எழுதறவருன்னு சொன்னாங்களே?"

அவர்தான் கடல்காரர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோழிப்பண்ணையும் லாரிப் பட்டறையுமாக இருக்கும் நாமக்கல்லில், வீட்டுக் கூடத்தில் சொந்தமாகக் கடல் வைத்திருந்த ஒரே மனிதர். மற்ற நேரத்தில் லாரி முதலாளி. நாங்கள் அங்கே குடியிருந்தபோது எங்களுக்கு எதிர்வீடு. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். தபால்காரர்கூட அதைப் பொருட்படுத்தியதில்லை.

கடல் நாமக்கல்லுக்கு வந்ததற்குக் காரணம் லாரித் தொழிலின் முதல் விதி: வண்டி காலியாகத் திரும்பக் கூடாது. போன ஊரிலிருந்து ஏதாவது ரிட்டன் லோடு ஏற்றியே ஆகவேண்டும். ஒருமுறை தூத்துக்குடியில் முட்டையை இறக்கிவிட்டு, எங்கே அலைந்தும் லோடு கிடைக்கவில்லை என்று டிரைவர் போன் செய்தார். அப்போதுதான் ஏதோ ஓர் ஓட்டலின் வரவேற்பறையில் பவளத் தொட்டியைப் பார்த்து மயங்கித் திரும்பியிருந்த நம்மவர், "சும்மா வராதப்பா, டிரம்முல கடலை மொண்டுக்கிட்டு வா" என்று உத்தரவிட்டுவிட்டார்.

வழியில் ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்தாராம்.

"என்னய்யா லோடு?"

"கடலுங்க."

போலீஸ்காரர் விரலை முக்கி நக்கிப் பார்த்தார். உப்புக் கரித்தது. கடலைக் கடத்தினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று புரியாமல் போகவிட்டுவிட்டார்.

துறைமுக ஓரத்தில் மொண்ட அந்தக் கடலில் உப்பைவிட டீசல் அதிகம். அதில் விடப்பட்ட மீன்கள் ஊர் பழகுவதற்குள் உலகைவிட்டே போய்விட்டன. அதன்பிறகுதான், வடிகட்டிய நல்ல தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து அளவாகக் கடல் தயாரிக்க அவர் கற்றுக்கொண்டார். பவளங்கள் சென்னையிலிருந்து பில்லோடு வந்தன. திருட்டுப் பவளம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, பார்க்க வருகிறவர்களிடம் பவளத்தைக் காட்டுவதற்கு முன் பில்லைக் காட்டுவார்.

அந்த வீட்டின் சட்டதிட்டங்களை ஒரு சின்ன நாட்டின் அரசியல் சாசனமாகவே அச்சிடலாம். ஊதுபத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, கொசுவர்த்தி கூடவே கூடாது. புகை தண்ணீரில் இறங்கிவிடும். சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது, வாடை ஆகாது. இதனால் பல பொங்கல்களை அந்த வீடு பழைய சட்டையோடே கொண்டாடியது. தலைக்கு எண்ணெய் வைத்தவர்களுக்குத் தொட்டியிலிருந்து மூன்றடி தூரம். கடல்காரரிடம் அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால், "இருக்குமுங்க, ஆரு கண்டா" என்பார். தொட்டித் தண்ணீரில் கால்சியம் எவ்வளவு என்று கேட்டால் தசம புள்ளியோடு சொல்வார். தினமும் காலையில் சொட்டு மருந்தும் கண்ணாடிக் குழாயுமாக அவர் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்து, இரத்தப் பரிசோதனை நிலையம் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்து காத்திருந்த பெரியவரும் உண்டு.

"எனக்குக் காச்சல்னா ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் சுடுதண்ணி" என்பார் அவர் மனைவி தங்கமணி. "அதுகளுக்கு ஒரு டிகிரி ஏறிப்போச்சுன்னா மெட்ராசுக்குப் போனு. அடுத்த பொறப்புல நானும் பவளமாத்தான் பொறக்கோணும்."

கடல்காரர் காதில் வாங்கமாட்டார். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஏஞ்சாமி, இன்னைக்கு ஏன் மொகத்தச் சுருக்கிக்கிட்டு நிக்கறே?" என்று ஒரு பச்சைப் பவளத்தைக் கொஞ்சிக்கொண்டிருப்பார். பூவிதழ் போன்ற அதன் கைகள் விரிந்தால் அவருக்குப் பசிக்கும். சுருங்கினால் இட்லி இறங்காது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் பிரளயம் வந்தது. காலையில் கரண்ட் போயிற்று. பராமரிப்பு வேலை, மாலை வரை வராது என்றார்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. இன்வெர்ட்டர், அலையடிக்கும் சின்ன மோட்டாருக்கு மட்டுமே தாங்கும். இதற்கென்றே வாங்கிய ஜெனரேட்டர், அவர் சொந்த ஊர்க் கோயில் நோம்பிக்குச் சீரியல் பல்பு எரியவைக்கப் போயிருந்தது.

எனக்குப் போன் வந்தது. "ஏனுங்க, சும்மாதான இருக்கறீங்க?"

"கட்டுரை எழுதிக்கிட்டிருக்கேன்."

"அதைத்தானுங்க கேட்டேன். வாங்க."

போனேன். வெப்பமானி இருபத்தொன்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறினால் பவளங்கள் வெளுத்துச் செத்துப்போகும் என்றார். பச்சைப் பவளம் ஏற்கெனவே கைகளை உள்ளிழுத்துக்கொண்டு முஷ்டியாகக் கிடந்தது. அவர் மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டு, "கரண்ட உடுங்க சார், உசுரு போகுது" என்று அலறினார்.

"யாருக்குங்க? எங்க இருக்காங்க?"

"தண்ணிக்குள்ளாறங்க!"

"அப்ப ஃபயர் சர்வீசுக்குச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

நான் கடல்நீரின் வெப்பம் பற்றி எங்கோ படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முட்டை அடுக்கும் அட்டை ஒன்றை என் கையில் திணித்து, "இதால தண்ணி மேல வீசுங்க, காத்துப் பட்டா சூடு எறங்கும்" என்றார். வீசினேன். இலக்கியவாதி ஒருவன் தன் வியர்வை தொட்டியில் சொட்டாமல் மூன்றடி தள்ளி நின்று கடலுக்கு விசிறிய காட்சியை வரலாறு பதிவு செய்யாமல் விட்டதற்கு நன்றி. வெப்பமானி முப்பதைத் தொட்டது. கடல்காரர் லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வையை அல்ல.

அப்போது தங்கமணி உள்ளேயிருந்து ஒரு வாளியோடு வந்தார். வாளி நிறைய, தண்ணீர் நிரப்பி மூடி இறுக்கிய பாட்டில்கள். எல்லாம் பாறைபோல் உறைந்திருந்தன.

"கரண்ட் நிக்குதுன்னு நேத்தே பேப்பருல போட்டிருந்துச்சு. ஃப்ரிட்ஜுல வெச்சேன். ஒண்ணொண்ணாப் போடுங்க, ஒரேமுட்டாச் சில்லுன்னு ஆனாலும் அதுகளுக்கு ஆகாதில்ல?"

கடல்காரர் வாளியை விட்டுவிட்டு மனைவியையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியை அப்படிப் பார்த்திருக்க மாட்டார், பவளங்களைத்தான் பார்த்திருக்கிறார். மாலையில் கரண்ட் வந்து, தொட்டி விளக்கு நீலமாகப் பற்றி, பச்சைப் பவளம் தயங்கித் தயங்கிக் கை நீட்டியபோது இருவரும் தோளோடு தோள் ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பேச வரவில்லை. அப்படி நேர்வது அபூர்வம். அந்த மனிதரை அன்றிலிருந்து என்னால் முழுமனதாகக் கிண்டல் செய்ய முடியவில்லை. இந்தக் கட்டுரையும் முக்கால் மனதோடு எழுதியதுதான்.

நாங்கள் சேலத்துக்கு மாறிவிட்டோம். போன மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் தங்கமணி என் எதிரே உட்கார்ந்தார். பவளங்கள் கிளைவிட்டிருப்பதாகச் சொன்னார். நான் அடக்கத்தோடு, "அன்னைக்கு நானும் ஏதோ என்னால ஆனதை வீசினேன்" என்றேன்.

அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "வீசுனதுல பெருசா ஒண்ணும் எறங்கலைங்க. பேசாம இருக்கட்டும்னுதான் உங்க கையில அட்டையக் குடுத்தாராமா."